ஆப்பிரிக்காவின் சிறந்த கால்பந்து வீரர் விருது: மூன்று பட்டியல்களும் ஒரு மதிப்பீடும்

1993-இல் ஆப்பிரிக்காவின் சிறந்த கால்பந்து வீரர் யார்? வினாடி வினாவில் இந்தக் கேள்வி வந்தால், எந்த விருதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். பிரான்சின் ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ இதழ் அந்த ஆண்டு கானாவின் அபேதி பெலேவைத் தேர்ந்தெடுத்தது. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான காஃப், நைஜீரியாவின் ரஷீதி யெகினிக்குக் கொடுத்தது. இரண்டுமே சரியான விடைகள். இணையத்தில் கிடைக்கும் பல பட்டியல்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே வரிசையாகக் காட்டிவிடுகின்றன. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எனவே மூன்று விருதுகளையும் பிரித்துவைத்துப் பார்க்கலாம். முதலாவது, பிரான்ஸ் ஃபுட்பால் 1970 முதல் 1994 வரை கொடுத்த ஆப்பிரிக்கத் தங்கப் பந்து (பாலோன் டோர்). இரண்டாவது, காஃப் 1992-இல் தொடங்கி இன்றுவரை தரும் அதிகாரபூர்வ விருது. மூன்றாவது, அதே 1992-இல் தொடங்கிய, ரசிகர்கள் வாக்களித்த பிபிசி விருது. கால்பந்து எழுதுபவர்களும் வினாத்தாள் தயாரிப்பவர்களும் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பவர்களும் எதை எதற்காக நம்பலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

பிரான்ஸ் ஃபுட்பால் பட்டியலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மூன்றில் தரமானது அதுதான். முதல் பெயர் மாலியின் சலிஃப் கெய்ட்டா, 1970. அப்போது அவர் பிரான்சின் செயின்ட் எட்டியன் அணியில் ஆடினார். ஐரோப்பாவில் ஆடுபவருக்கே கொடுக்கும் விருதாக இது போய்விடும் என்று அன்று யாராவது நினைத்திருந்தால், அடுத்த ஆண்டே அந்த நினைப்பு மாறியிருக்கும். 1971-இல் கானாவின் இப்ராஹிம் சண்டே. கிளப் குமாசியின் அசாந்தே கொட்டோக்கோ. 1972-இல் கினியின் ஷெரீஃப் சுலைமான். கிளப் கொனாக்ரியின் ஹஃபியா. 1973-இல் ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) புவாங்கா ட்சிமென், 1974-இல் காங்கோவின் பால் மூக்கிலா, 1975-இல் மொராக்கோவின் அகமது ஃபராஸ். எல்லோரும் சொந்த நாட்டுக் கிளப்பில் ஆடியவர்கள்.

1970 முதல் 1985 வரை 16 விருதுகள். அவற்றில் 13 விருதுகளை வாங்கியவர்கள் விருது ஆண்டில் உள்நாட்டுக் கிளப்பில் இருந்தவர்கள். மீதி மூன்றில் கெய்ட்டா ஒருவர்தான் ஐரோப்பாவில் ஏற்கெனவே வேரூன்றியவர். 1982-இல் கேமரூன் கோல்கீப்பர் தாமஸ் என்கோனோவின் பெயருக்கு நேரே எஸ்பான்யோல் என்றும், 1984-இல் தியோஃபில் அபேகாவுக்கு நேரே துலூஸ் என்றும் இருக்கும். அந்தக் கிளப் பத்தியை அப்படியே நம்பிவிடாதீர்கள். என்கோனோ 1982 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் விட்டார்: பெருவுடன் 0-0, போலந்துடன் 0-0, பின்னர் கோப்பையையே வென்ற இத்தாலியுடன் 1-1. அதற்குப் பிறகுதான் எஸ்பான்யோல் அவரை அழைத்துக்கொண்டது. அபேகா 1984 மார்ச்சில் கேமரூனுக்குத் தலைமையேற்று ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை வென்ற பிறகுதான் துலூஸ் போனார். பட்டியலில் கிளப் பெயர் விருது கொடுத்த நாளின் நிலவரத்தைக் காட்டும். விருதைச் சம்பாதித்த ஆட்டம் எங்கே ஆடப்பட்டது என்பதைக் காட்டாது. 1986-இல் மொராக்கோ கோல்கீப்பர் படூ ஸாக்கியின் பெயருக்கு நேரே உள்ள மயோர்க்காவும் இதே வகைதான்.

இந்தப் பட்டியலின் இன்னொரு பலம், அது ஆப்பிரிக்கக் கிளப் கால்பந்தைப் பின்தொடர்ந்தது. அசாந்தே கொட்டோக்கோ 1970-ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் கோப்பையை எடுத்தது. சண்டே அதன் கேப்டன். ஹஃபியா 1972-இல் சாம்பியன். அந்த ஆண்டு சுலைமான். பிரஸ்ஸவில்லின் காரா 1974-இல் சாம்பியன். அந்த ஆண்டு மூக்கிலா. யாவுண்டேவின் கேனன் அணி 1978-இலும் 1980-இலும் சாம்பியன்; 1979-இல் அதன் கோல்கீப்பர் என்கோனோவும் 1980-இல் மங்கா ஒங்கேனேயும் விருது பெற்றார்கள். கெய்ரோவின் அல் அஹ்லி 1982-இல் சாம்பியன். அடுத்த ஆண்டு மகமூத் எல் கதீப். பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டே எழுபதுகளின் ஆப்பிரிக்கக் கிளப் வரலாற்றைப் பாதிக்கு மேல் கட்டிவிடலாம். ஒரு விருதுப் பட்டியல் இப்படிப் பயன்படுவது அரிது.

எந்த இடத்தில் ஆடுபவர் என்பதிலும் இந்த விருது பாரபட்சம் பார்க்கவில்லை. கோல்கீப்பர்களுக்கு மூன்று முறை: 1979, 1982, 1986. டிஃபெண்டருக்கு ஒரு முறை: புவாங்கா, 1973. இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1987-க்குப் பிறகு காற்று மாறுகிறது. அந்த ஆண்டு அல்ஜீரியாவின் ரபா மஜர், போர்ட்டோ அணிக்காக ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பயர்ன் மியூனிக் வலைக்குள் குதிகாலால் தட்டிவிட்ட கோல் ஒன்றே விருதுக்குப் போதுமானதாக இருந்தது. 1988-இல் ஜாம்பியாவின் கலூஷா புவால்யா பெல்ஜியத்தில் ஆடிக்கொண்டிருந்தாலும், அவருக்கு விருது வாங்கித் தந்தது சோல் ஒலிம்பிக்கில் இத்தாலியை 4-0 என்று சாய்த்த ஆட்டத்தில் அவர் போட்ட மூன்று கோல்கள். 1989-இல் லைபீரியாவின் ஜார்ஜ் வியா. 1990-இல் மீண்டும் கேமரூனின் ரோஜர் மில்லா: 38 வயதில் உலகக் கோப்பையில் நான்கு கோல்கள், ஒவ்வொன்றுக்கும் கார்னர் கொடியருகே ஒரு நடனம். அவருடைய முதல் விருது 1976-இல். இரண்டுக்கும் இடையே 14 ஆண்டுகள். 1991, 1992, 1993 மூன்றும் பிரான்சின் மார்சே அணியில் ஆடிய அபேதி பெலேவுக்கு. 1994-இல் வியா இரண்டாவது முறை, அத்தோடு விருது நின்றது. 1995 முதல் பிரான்ஸ் ஃபுட்பால் தன் முதன்மையான தங்கப் பந்தையே ஐரோப்பியக் கிளப்பில் ஆடும் எந்த நாட்டவருக்கும் திறந்துவிட்டது. முதல் ஆண்டே அதை வாங்கியவரும் வியாதான். ஆப்பிரிக்கர்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போனது.

மதிப்பெண்: பத்துக்கு எட்டு. குறைக்கும் இரண்டு எதற்காக என்றால், ஒரு கண்டத்தின் விருதை வெளிக்கண்டத்து இதழ் ஒன்று நடத்தியதற்காகவும், வடக்கு, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கலூஷாவைத் தவிர வேறு யாரையும் அது காணாததற்காகவும்.

அடுத்தது காஃப் விருது. இரண்டு விருதுகளும் சேர்ந்து ஓடிய மூன்று ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் சுபாவம் புரியும். 1992: இரண்டிலும் அபேதி பெலே. கானா அந்த ஆண்டு ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை இறுதிவரை வந்தது. தடையால் அபேதி இறுதியில் ஆட முடியவில்லை. பெனால்டியில் 11-10 என்று ஐவரி கோஸ்ட் வென்றது. 1993: பிரான்ஸ் ஃபுட்பால், மார்சேயோடு சாம்பியன்ஸ் லீக் வென்ற அபேதிக்கு; இறுதியில் விழுந்த ஒரே கோலுக்கு வழிசெய்த கார்னர் அவருடையது. காஃப் யெகினிக்கு. 1994: பிரான்ஸ் ஃபுட்பால் வியாவுக்கு, காஃப் நைஜீரியாவின் எம்மானுவேல் அமுனிகேவுக்கு. நாடுகள் கோப்பை இறுதியில் ஜாம்பியாவுக்கு எதிராக நைஜீரியாவின் இரண்டு கோல்களும் அமுனிகே போட்டவை. பின்னர் அமெரிக்க உலகக் கோப்பையில் பல்கேரியாவுக்கும் இத்தாலிக்கும் எதிராக ஆளுக்கொன்று. ஆண்டின் முதல் பாதியில் அவர் கெய்ரோவின் ஜமலெக் அணி, பிறகுதான் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங்.

அந்த மூன்று ஆண்டுகளில் காஃப் நாட்டுக்காக ஆடிய ஆட்டத்தை எடைபோட்டது என்று சொல்லலாம். அது நீடித்திருந்தால் இந்த மதிப்பீடே வேறாக இருந்திருக்கும். நீடிக்கவில்லை.

எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006, 2008, 2010 என்று மூன்று முறை தொடர்ந்து ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை வென்றது. அதற்கு முன்பும் பின்பும் எந்த நாடும் அப்படிச் செய்ததில்லை. அந்த அணியின் முதுகெலும்பு கெய்ரோவின் அல் அஹ்லி ஆட்டக்காரர்கள். அந்த மூன்று ஆண்டுகளில் காஃப் விருது யாருக்கு? 2006 ஐவரி கோஸ்டின் ட்ரோக்பா, 2008 டோகோவின் அடெபயோர், 2010 கேமரூனின் எட்டோ. மூவரும் பெரிய ஆட்டக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2006 கெய்ரோ இறுதியை ஒருமுறை பாருங்கள். கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போகிறது. ட்ரோக்பா அடித்ததைக் கோல்கீப்பர் தடுக்கிறார். வெற்றிப் பெனால்டியை அடிப்பவர் முகமது அபூத்ரிகா. 2008 அக்ரா இறுதியில், கேமரூன் பெட்டிக்கு அருகே ரிகோபெர் சாங் பந்தைக் காலடியில் வைத்துத் தடுமாற, முகமது ஸிதான் விழுந்து எழுந்து அதைப் பறித்து நடுவே தள்ள, ஓடிவந்து வலைக்குள் போட்டவரும் அபூத்ரிகாதான். அதே ஆண்டு அவருடைய கிளப்பான அல் அஹ்லி ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கையும் எடுத்தது. நாட்டுக்கும் கிளப்புக்கும் கண்டத்தின் உச்சக் கோப்பைகள் இரண்டும் ஒரே ஆண்டில். இதற்கு மேல் ஆப்பிரிக்க மண்ணில் ஒருவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. அதுவும் போதவில்லை என்றால், விருதின் பெயரில் உள்ள ஆப்பிரிக்கா எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆண்டு முழுக்க ஆப்பிரிக்கக் கிளப் ஒன்றில் ஆடி காஃபின் முதன்மை விருதை வாங்கியவர் இதுவரை ஒருவரும் இல்லை. வெளிநாட்டு இதழ் நடத்தியபோது உள்நாட்டுக் கால்பந்து தெரிந்தது. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பே நடத்தத் தொடங்கியதும் அது மறைந்தது. இந்த விருதின் வரலாற்றில் மனம் ஒப்பாத இடம் இதுதான். காரணம் ஒன்றும் மர்மமில்லை. நாட்டுப் பயிற்சியாளர்களும் கேப்டன்களும் வாக்களிக்கிறார்கள். மலாவியில் இருக்கும் பயிற்சியாளர் வாராவாரம் தொலைக்காட்சியில் பார்ப்பது இங்கிலாந்து லீக்கையும் ஸ்பெயின் லீக்கையும்தான். துனிசிய லீக்கையோ காங்கோ லீக்கையோ பார்க்க அவருக்கு வழி குறைவு. பார்த்ததற்குத்தான் வாக்கு விழும். தொண்ணூறுகளுக்குப் பிறகு திறமையானவர்கள் இருபது வயதுக்குள் ஐரோப்பாவுக்குப் போய்விடுவதும் சேர்ந்துகொண்டது. 2007-இல் மாலிக்காக ஆடிய கனூட்டே, ஆப்பிரிக்காவுக்கு வெளியே பிறந்து இந்த விருதை வாங்கிய முதல் ஆள். பின்னால் இதை வாங்கிய ஒபமெயாங், மஹ்ரெஸ், லுக்மன், ஹக்கிமி எல்லோரும் ஐரோப்பாவில் பிறந்தவர்களே. தாய்தந்தையின் நாட்டைத் தேர்ந்தெடுத்து ஆடுவது அவர்களுடைய உரிமை, பெருமையும்கூட. ஆனால் விருதுக் குழு பார்க்கும் திசை மாறிவிட்டது என்பதற்கு இதுவும் அடையாளம்.

காஃப் இதற்கு மாற்றாக, ஆப்பிரிக்கக் கிளப்புகளில் ஆடுபவர்களுக்கென்று தனி விருது வைத்திருக்கிறது. அபூத்ரிகா அதை நான்கு முறை வாங்கினார். 2015-இல் தான்சானியாவின் எம்புவானா சமாட்டா, 2016-இல் உகாண்டா கோல்கீப்பர் டெனிஸ் ஒன்யாங்கோ, 2024-இல் தென்னாப்பிரிக்க கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ். நல்ல ஏற்பாடுதான். ஆப்பிரிக்க ஆட்டத்தை அறிய விரும்புபவர் இந்தப் பட்டியலை முதன்மைப் பட்டியலோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் சொந்த வீட்டில் ஆடுபவருக்குத் திண்ணையில் இலை போடுவது போல ஆகிவிட்டது. கூடத்துப் பந்தி ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு.

இனிப் புழக்கத்தில் வரும் சிக்கல்கள். காஃப் பட்டியலைப் பயன்படுத்துபவர்கள் அதிகம் இடறுவது ஆண்டுக் கணக்கில். 2017 விருது 2018 ஜனவரியில் அக்ராவில் கொடுக்கப்பட்டது. 2018 விருது 2019 ஜனவரியில் டாக்கரில். 2019 விருது 2020 ஜனவரியில் எகிப்தின் ஹுர்கடாவில். செய்தித் தேதியைப் பார்த்து எழுதுபவர்கள் ஓராண்டு தள்ளி எழுதிவிடுகிறார்கள். எகிப்தின் சலாவின் இரண்டு விருதுகள் 2017, 2018. செனகலின் மானேயின் முதல் விருது 2019. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் பெருந்தொற்றால் விருதே இல்லை. அந்த இடத்தில் ஏதாவது பெயர் போட்டிருந்தால் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள். 2022 விருது அந்த ஆண்டு ஜூலையிலேயே ரபாட்டில் கொடுக்கப்பட்டது, ஏனென்றால் நாள்காட்டி ஆண்டை விட்டுப் போட்டிப் பருவத்தைக் கணக்கில் எடுத்தார்கள். செனகலுக்கு முதல் நாடுகள் கோப்பையை வாங்கித் தந்த மானேயின் கடைசிப் பெனால்டி அந்தக் கணக்கில்தான் வருகிறது. அந்தப் போட்டி நடந்தது 2022 பிப்ரவரியில். பெயர் மட்டும் 2021 கோப்பை. இந்த முரண் பலரைக் கவிழ்க்கும்.

வாக்குப் புள்ளிகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவே கூடாது. 2013-இல் யாயா டூரே 373 புள்ளிகளோடு வென்றார். 2014-இல் அவரே 175 புள்ளிகளோடு. 2015-இல் ஒபமெயாங்குக்கு 143, டூரேவுக்கு 136. 2016-இல் மஹ்ரெஸுக்கு 361, 2017-இல் சலாவுக்கு 625. மஹ்ரெஸைவிடச் சலா ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆதரவு பெற்றார் என்று இதைப் படிப்பது தவறு. ஒரே தராசில் நிறுத்த எண்கள் அல்ல இவை. ஒரே ஆண்டுக்குள் முதல் இருவருக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2015-இன் ஏழு புள்ளி இடைவெளி எவ்வளவு மெல்லியது என்று தெரியும். அந்த ஆண்டு ஐவரி கோஸ்டின் கேப்டனாக நாடுகள் கோப்பையைத் தூக்கியவர் டூரே. ஒபமெயாங்கின் கணக்கில் இருந்தது ஜெர்மனியின் டார்ட்முண்ட் கிளப்புக்காகப் போட்ட கோல்கள். கண்டத்துக் கோப்பையைக் கண்டத்து விருதே மதிக்கவில்லை என்று டூரே வெளிப்படையாகக் குமுறினார். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாங்கியவர் ஏன் குமுற வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அவர் சொன்ன காரணம் மட்டும் சரியானது. வேடிக்கை என்னவென்றால், அதே அளவுகோலை 2012-இல் வைத்திருந்தால், அந்த ஆண்டு ஜாம்பியாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் கிறிஸ் கட்டோங்கோவிடம் டூரேவே தோற்றிருப்பார்.

அந்த 2012-ஐச் சரியாகப் பிடித்தது பிபிசி விருது. கட்டோங்கோ அப்போது சீன லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். ஐரோப்பியக் கண்ணில் படாத ஆள். ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2008-இல் அபூத்ரிகாவைத் தேர்ந்தெடுத்ததும் ரசிகர்கள்தான். 2001-இல் கானா டிஃபெண்டர் சாமுவேல் குஃபோர், 2003-இலும் 2004-இலும் நைஜீரியாவின் ஜே ஜே ஒகோச்சா. ஒகோச்சா காஃப் விருதை ஒருமுறைகூட வாங்கியதில்லை என்பதை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. வல்லுநர்கள் சிறு பட்டியல் ஒன்றைத் தருவார்கள், அதிலிருந்து மக்கள் தேர்வு செய்வார்கள். மக்கள் தொகை மிகுந்த நாடுகளுக்கு இது சாதகம் என்ற குற்றச்சாட்டு எப்போதும் இருந்தது. ஆனால் ஜாம்பியாவோ கானாவோ மக்கள் தொகையால் நைஜீரியாவை முந்த முடியாதே. மதிப்பெண் பத்துக்கு ஏழு. காஃபுக்கு ஆறு.

காஃபின் பெண்கள் விருது 2001-இல் நைஜீரியாவின் மெர்சி அகிடேவோடு தொடங்கியது. பெர்பெட்டுவா ன்க்வோச்சா நான்கு முறை, அசிசாட் ஒஷோவாலா ஆறு முறை என்று நீண்ட காலம் நைஜீரியாவின் கையில் இருந்தது. 2024-இல் ஜாம்பியாவின் பார்ப்ரா பண்டா, 2025-இல் மொராக்கோவின் கிஸ்லான் ஷெபாக். ஆண்கள் பட்டியலில் உள்ள நோய் இதில் குறைவு.

காஃப் விருதைச் சரிசெய்ய இரண்டு வேலைகள் போதும். ஒவ்வொரு வாக்காளரும் யாருக்கு வாக்களித்தார் என்பதை, இன்றைய தங்கப் பந்துக்குச் செய்வது போல, நாடுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நாடுகள் கோப்பைக்கும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்குக்கும் இவ்வளவு எடை என்று விதியில் எழுதிவைக்க வேண்டும். எழுதாதவரை ஐரோப்பியத் தொலைக்காட்சிதான் எடைபோடும்.

அண்மை ஆண்டுகளில் சில நல்ல அறிகுறிகள் தெரிகின்றன. 2023-இல் ஒசிமென், 33 ஆண்டுக்குப் பிறகு நாப்போலி இத்தாலி லீக்கை வென்றதற்காக. 1999-இல் கானு வாங்கியதற்குப் பின் நைஜீரியாவுக்கு முதல் விருது. 2024-இல் லுக்மன், டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் லெவர்குசனுக்கு எதிராக அட்டலாண்டாவின் மூன்று கோல்களையும் தானே போட்டதற்காக. 2024-இன் கடைசி ஐவரில் வில்லியம்ஸும் இருந்தார். பிரிட்டோரியாவின் சன்டவுன்ஸ் கோல்கீப்பர், நாடுகள் கோப்பையில் கேப் வெர்டேவுக்கு எதிரான காலிறுதிப் பெனால்டிகளில் நான்கைத் தடுத்தவர். கடைசி ஐவரில் உள்நாட்டுக் கிளப் ஆட்டக்காரர் ஒருவரைப் பார்ப்பதே பெரிய விஷயமாக இருந்தது. 2025-இல் ரபாட்டில் மொராக்கோவின் ஹக்கிமி வாங்கினார்: 1973-இல் புவாங்காவுக்குப் பிறகு, 52 ஆண்டு கழித்து, ஒரு டிஃபெண்டர். கோல்கீப்பர்களின் முறை இன்னும் வரவில்லை. கடைசியாக வாங்கியவர் படூ ஸாக்கி, 1986-இல், அதுவும் பிரான்ஸ் ஃபுட்பால் கையிலிருந்து.